மறந்துபோன ஒரு சுவிட்ச்... டேக்-ஆஃப் முன்னாடி விமானி அறையில என்ன நடக்குது?

ராயப்பேட்டையில இருந்து அதிகாலை ஃப்ளைட்டுக்குக் கிளம்புறீங்க. போன், சார்ஜர், ஆதார் எல்லாம் இருக்கு. கேப் மணிக்கூண்டைத் தாண்டினதும்தான் அந்தச் சந்தேகம் வருது... 'கேஸை மூடினோமா?' தினமும் செய்ற வேலைதான். ஆனா, இன்னிக்கு செஞ்சோமாங்கிறது மட்டும் ஞாபகம் இல்லை.

இதே மறதி விமானி அறைக்குள்ள வந்தா?

மும்பையில் நடந்தது

2018 செப்டம்பர் 20. மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பியது ஜெட் ஏர்வேஸின் போயிங் 737. உள்ளே 166 பயணிகள். மேலே ஏற ஏற பலருக்குக் காது அடைத்தது. சுமார் 30 பேருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிந்தது. ஆக்சிஜன் மாஸ்க்குகள் தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பியது.

காரணம்? இன்ஜினிலிருந்து காற்றை எடுத்து கேபினுக்கு அனுப்பும் 'ப்ளீட்' சுவிட்ச் போடப்படவில்லை. இத்தனைக்கும், டேக்-ஆஃப் ஆனதும் படிக்கும் செக்லிஸ்ட்டில் இதைச் சரிபார்க்கத் தனியாக ஒரு வரியே இருக்கிறது!

அந்தப் பயணிகள் தப்பித்தார்கள். 2005 ஆகஸ்ட் 14-ல் சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் கிளம்பிய ஹீலியோஸ் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கேபின் காற்றழுத்த சுவிட்ச் 'ஆட்டோ'வுக்குப் பதிலாக 'மேனுவல்' நிலையில் இருந்ததை விமானிகள் கவனிக்கவில்லை. எச்சரிக்கை ஹாரன் அடித்தபோதும், அதை வேறு எச்சரிக்கை என நினைத்தார்கள். காற்றழுத்தம் குறைந்து மயங்கிவிட்டார்கள். 121 பேரும் இறந்தார்கள்.

தெரியாமல் இல்லை... பழகிப்போச்சு!

செக்லிஸ்ட் பழக்கம் வந்ததற்கே ஒரு விபத்துதான் காரணம். 1935-ல் அமெரிக்காவில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானம், கிளம்பிய சில நொடிகளில் விழுந்தது. ஓட்டியவர்கள் அனுபவசாலிகள். தரையில் நிற்கும்போது விமானத்தின் கட்டுப்பாட்டுப் பாகங்கள் காற்றில் ஆடாமல் இருக்கப் போடும் பூட்டை எடுக்க மறந்திருந்தார்கள். 'ஞாபகத்தை நம்பாதே, எழுதி வை' என்ற பாடம் அங்கிருந்து வந்தது.

இன்று ஒரு விமானி வாசிக்க, இன்னொருவர் சுவிட்ச்சைக் கண்ணால் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். சிக்கல் இங்கேதான். ஆயிரம் தடவை 'ஆன்' என்று சொன்ன வாய், பார்க்காமலே 'ஆன்' சொல்லிவிடும். நடுவில் கன்ட்ரோல் டவர் கூப்பிட்டால், விட்ட இடம் மறந்து ஒரு வரி தாவிவிடும். ஆப் இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'ஓகே' அழுத்துறோமே, அதே கதைதான்!

திருச்சி சுவர் சொன்ன பாடம்

மும்பை சம்பவம் நடந்து 22 நாள்களில் நம்ம ஊர். 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு பறந்தது. உள்ளே 136 பேர். ரன்வேயில் ஓடும்போதே கேப்டனின் இருக்கை பின்பக்கம் சாய்ந்து, இன்ஜின் விசை தவறுதலாகக் குறைந்திருக்கிறது. அதை இருவருமே உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்றது விசாரணை. கடைசியில் விமானம் மும்பையில் பத்திரமாக இறங்கியது.

இரண்டு விமானிகள் இருப்பதே, ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடிக்கத்தான். பார்த்தால் மட்டும் போதாது, சொல்லவும் வேண்டும். சொன்னால் கேட்கவும் வேண்டும். 1977-ல் டெனெரிஃப் தீவில், ரன்வேயில் இன்னொரு விமானம் இருக்குமோ என்று ஃப்ளைட் இன்ஜினீயர் சந்தேகம் கேட்டார். கேப்டன் அதைத் தட்டிவிட்டு வேகமெடுத்தார். 583 பேர் பலி.

அதன் பிறகுதான், ஜூனியர் தயங்காமல் சொல்லவும் சீனியர் காது கொடுக்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சி வந்தது. 'சார் தப்பா செய்றாரோ... நாம எப்படிச் சொல்றது?' என்று ஆபீஸ் மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்ட அனுபவம் நமக்கும் இருக்குமே!

அடுத்த முறை உங்க டீம்ல புதுசா சேர்ந்த ஒருத்தர், "இதை ஒரு தடவை பார்த்துடலாமா?"ன்னு கேட்டா, சிடுசிடுக்காம பாருங்க. பத்து தடவையில ஒன்பது தடவை எல்லாம் சரியாத்தான் இருக்கும். அந்தப் பத்தாவது தடவைக்காகத்தான் அவர் கேட்கிறார்.