உம்மாவின் கவனமும் பிள்ளையின் பாடமும்

 

இம்மாதம் ஒரேயொரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றேன். கடற்கரை ஊர் ஒன்றில் வாழும் சகோதரி எழுதியது. கணவர் வெளிநாட்டில் பணிபுரிகின்றார். நோய்த்தொற்றுக்குப்பின் 2021 நவம்பரில் தொடக்கப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டபோது, மூச்சிரைப்பு உள்ள மகளை அனுப்ப அஞ்சி, வீட்டிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அது அப்படியே நிலைத்துவிட்டது. மகளுக்கு இப்பொழுது ஒன்பது வயது; மகனுக்கு ஆறு.

“ஒரு நாள் மாமியார் அவளிடம் நூறு ரூபாயைக் கொடுத்து, ‘முப்பத்தேழு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் மீதி எவ்வளவு?’ என்று கேட்டார்கள். பிள்ளை விழித்தாள். அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது: கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை நான் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை. தினமும் கணக்குப் புத்தகத்தைத் திறப்பேன். உலை வைக்கவில்லையே என்று எழுவேன். போகும் வழியில் மடிக்காத துணி கண்ணில் படும். துணியை மடிக்கையில் தொலைபேசி அழைக்கும். லுஹர் பாங்கு கேட்கும்போது புத்தகம் திறந்தபடியே கிடக்கும். வேறொரு நாள் கடல் ஏற்றவற்றத்தைப் பற்றி மூன்று மணி நேரம் சலிக்காமல் சொல்லித்தருவேன். பிறகு இரண்டு வாரம் ஒன்றுமே நடக்காது. நான் சோம்பேறியா? என் பிள்ளையை நானே கெடுத்துவிட்டேனா?”

சகோதரி, மூன்று மணி நேரம் சலிக்காமல் கற்பிப்பவர் சோம்பேறி அல்லர். உங்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. மனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிறுத்துவதுதான் கடினமாக இருக்கின்றது. சோம்பலுக்கு உரிய மருந்து கண்டிப்பு. இதற்குக் கண்டிப்பு பயன்படாது. எத்தனையோ முறை உங்களை நீங்களே கண்டித்துப் பார்த்திருப்பீர்கள்.

முதலில் உடலைக் கவனியுங்கள். இரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவை பெண்களின் கவனத்தைக் குலைப்பவை. எளிய பரிசோதனையிலும் மருத்துவரின் விசாரணையிலும் இவை தெரிந்துவிடும். ஆனால், சிறுமியாக இருந்த காலந்தொட்டே தொடங்கியதை முடிக்க இயலாமை, பொருள்களைத் தொலைத்தல், நேரம் போவது தெரியாமை ஆகியவை உங்களுடன் இருந்து வந்திருந்தால், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைபாடாக இருக்கலாம். இது துறுதுறுவென்று ஓடும் சிறுவர்களுக்கு மட்டும் உரியதன்று, பெரியவர்களிடமும் தொடர்வதுண்டு. அமைதியான பெண்பிள்ளைகளிடம் கண்டறியப்படாமலே போவதும் உண்டு. பெரும்பாலும் மரபுவழியாக வருவதால் பிள்ளைகளிடமும் இருக்கக்கூடும். மனநல மருத்துவர் இதற்குச் சிகிச்சை அளிப்பார். எங்கே செல்வதென்று தெரியாவிட்டால் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணில் கேட்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடுவது போன்றதே அது.

இனிப் பாடத்திற்கு வருவோம். வீட்டில் கற்பிக்கும் தாய்மார் பலர் செய்யும் தவறு, பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது. வகுப்பில் நாற்பது பிள்ளைகள்; வருகைப் பதிவுக்கும், அமைதிப்படுத்துவதற்கும், ஒருவர்பின் ஒருவராகக் காத்திருப்பதற்கும் அங்கே நேரம் வேண்டும். ஒரே பிள்ளைக்கு எதிரே நீங்கள் அமரும்போது அவ்வளவு நேரம் தேவையில்லை. இங்கிலாந்தில் வீட்டுக் கல்வியைப் பற்றி 1886-இல் நூல் எழுதிய சார்லட் மேசன் என்னும் அம்மையார், எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டலாகாது என்றார். பிள்ளையின் கவனத்தைக் காக்க அவர் கூறிய அளவு, தாயின் கவனத்தையும் காக்கும்.

ஆகவே நாளொன்றுக்கு மூன்று பாடங்கள் போதும் என்று தொடங்குங்கள்: கணக்கு, வாசிப்பு, எழுத்து. ஒவ்வொன்றும் இருபது நிமிடம். அலாரம் வைத்துவிட்டுத் தொலைபேசியை மற்றோர் அறையில் வையுங்கள். மணி அடிக்கும்வரை எழுவதில்லை என்பது பிள்ளைக்கு அன்று, உங்களுக்கு உரிய சட்டம். உலையை முன்பே வைத்து இறக்கிவிட்டுப் பாயில் அமருங்கள். இடையில் ஏதேனும் நினைவுக்கு வந்தால் எழ வேண்டாம். அருகில் ஒரு தாளை வைத்து அதில் குறித்துக்கொள்ளுங்கள். தாளில் ஏறிய வேலை மனத்தை விட்டு இறங்கிவிடும்.

நேரத்தைக் கடிகார எண்ணோடு கட்டுவதைவிட, தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டுவது எளிது. நம் இல்லங்களில் அதற்குக் குறைவில்லை. சுபுஹுக்குப்பின் பசியாறியதும் கணக்கு, லுஹருக்கு முன் வாசிப்பு, அஸருக்குப்பின் எழுத்து. பாங்கு உங்கள் நினைவாற்றலை நம்பியிருப்பதில்லை. நீங்கள் மறந்தாலும் அது ஒலிக்கும்.

வாசித்ததைப் பிள்ளை தன் சொற்களால் திருப்பிச் சொல்லட்டும். இதுவும் மேசன் அம்மையார் வற்புறுத்திய முறையே. நீங்கள் கேள்வித்தாள் தயாரிக்க வேண்டியதில்லை. காது கொடுத்தால் போதும். வார விடுமுறையில் வாப்பா தொலைபேசியில் அழைக்கும்போது, அந்த வாரம் படித்த ஒன்றை மகள் அவரிடம் சொல்லட்டும். கல்வியில் அவருக்கும் பங்கு வந்துவிடும்.

ஒன்பது வயதுப் பிள்ளை ஆறு வயதுத் தம்பிக்கு எழுத்துச் சொல்லித்தரலாம். இதுவும் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், இந்நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தேர்ந்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே வளர்த்தார். இங்கிலாந்து சென்றபின் அது ‘சென்னை முறை’ என்றே பெயர் பெற்றது. கற்பிப்பவனுக்கும் பாடம் உறுதிப்படும். ஆனால் நாளுக்குப் பத்து நிமிடம் போதும். உங்கள் சுமையை மகளின் தோளில் ஏற்றிவிடாதீர்கள்.

கணக்கில் விட்டுப்போனதைப் பிடிக்க முடியும். கடைக்காரர் மீதி தருவதைக் கவனித்திருக்கின்றீர்களா? முப்பத்தேழிலிருந்து நாற்பதுக்கு மூன்று. நாற்பதிலிருந்து நூறுக்கு அறுபது. ஆக அறுபத்து மூன்று. உண்மைப் பணத்தை வைத்து ஒரு வாரம் கடை விளையாட்டு நடத்துங்கள். எண்ணிக்கை கைவந்தபின் தாளில் கடன் வாங்கிக் கழிப்பது விளங்கும். கடல் ஏற்றவற்றத்தையும் விட்டுவிடாதீர்கள். மூன்று பாடமும் முடிந்தபின் அந்த மூன்று மணி நேர ஆர்வம் எங்கு வேண்டுமானாலும் ஓடட்டும். பிள்ளைகள் வளர்ந்தபின் நினைவில் வைத்திருக்கப் போவது அதைத்தான்.

இனிச் சற்றுக் கடினமான சொல். உங்கள் வீட்டில் நடந்த பிழை ஒரு நாள் பாடம் தவறியது அன்று. நெடுங்காலம் தவறியது ஒருவர் கண்ணுக்கும் தெரியாமற் போனதே பிழை. பள்ளியில் தேர்வு அதைக் காட்டிக்கொடுக்கும். வீட்டில் அந்தக் காவல் இல்லை. ஆகவே வகுப்புப் பாடநூலின் பொருளடக்கத்தைச் சுவரில் ஒட்டி, முடிந்ததற்கு நேரே தேதி இடுங்கள். மாதம் ஒரு முறை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, படித்த உறவினர் ஒருவரோ பிள்ளையை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்கட்டும். உங்களைக் குறைகூறுவதற்கன்று, ஓட்டையைச் சிறிதாக இருக்கும்போதே காண்பதற்கு.

ஆறு மாதத்திற்கு ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அன்றும் பிள்ளை பின்தங்கியே இருந்தால் பள்ளியில் சேருங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளிக்குச் செல்லாதிருந்த பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும். ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சியும் தரவேண்டும். பள்ளியா வீடா என்பது நம் விருப்பம். கற்பது பிள்ளையின் உரிமை. மூச்சிரைப்புக்கு மருத்துவரின் ஆலோசனையைப் பெற்று அனுப்பலாம். வீட்டிலேயே தொடர்வதாயின், தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிறைந்தவர்களுக்குப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை நடத்துகின்றது. பாடங்களை ஒவ்வொன்றாக, ஐந்து ஆண்டுகளுக்குள் எழுதி முடிக்கலாம்.

என் மகனுக்கு 2020-இல் நானும் சில மாதம் கற்பித்தேன். ஒரு நாள் வாய்ப்பாட்டின் நடுவே எழுந்து போனவள் மாலையில்தான் திரும்பினேன். அவன் அதே பாயில் உறங்கிப்போயிருந்தான். விரல் ஏழாம் வாய்ப்பாட்டின்மேல் இருந்தது. அன்று நான் அழுதேன். மறுநாள்தான் அலாரம் வாங்கினேன். முதல்நாள் அழுகையைவிட மறுநாள் வாங்கிய அலாரமே அவனுக்குப் பயன்பட்டது.

நீங்கள் உங்கள் பிள்ளையைக் கெடுத்துவிடவில்லை, சகோதரி. குறையைக் கண்டீர்கள், மறைக்காமல் எழுதினீர்கள். நாளைக் காலை பசியாறியதும் இருபது நிமிடம் மட்டும் அமருங்கள். அல்லாஹ் உங்கள் முயற்சியில் பரக்கத் செய்வானாக!

வஸ்ஸலாம்.