பீப்... பீப்... புதையலா, பாக்குப் பொட்டலமா?



'கம்மி விலை போதுமா, காசு சேர்த்து காஸ்ட்லியா வாங்கணுமா?' இந்தக் கேள்வியை செல்போனுக்குக் கேட்டிருப்பீங்க, லேப்டாப்புக்குக் கேட்டிருப்பீங்க. இந்த வாரம் நான் கேட்கப் போறது மெட்டல் டிடெக்டருக்கு! 'ஏம்மா, நாங்க என்ன ஏர்போர்ட் செக்யூரிட்டியா?'னு பக்கத்தைத் திருப்பிடாதீங்க பாஸ். விஷயத்துல ஒரு அரைப் பவுன் மோதிரம் மாட்டியிருக்கு.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல கூரம். எங்க பெரியம்மா ஊர். மல்லாட்டை பிடுங்குன அன்னிக்கு சாயந்திரம் கை கழுவும்போதுதான் பெரியம்மா பார்த்திருக்காங்க... விரல்ல மோதிரம் இல்லை. அடுத்த மாசம் அதை அடகு வெச்சுதான் என் தங்கச்சிக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டறதா இருந்தாங்க. தங்கம் இன்னிக்கு விக்கிற விலைக்கு அது சும்மா மோதிரம் இல்லை, ஒரு வருஷப் படிப்பு.

போன் வந்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்க ஹாஸ்டல் அலமாரியில தூங்கிட்டிருந்த டிடெக்டர். மினி புராஜெக்ட்டுக்காக நாங்க நாலு பேர் காசு போட்டு ஆன்லைன்ல வாங்கினது. விலை 6,500. (ஈ.சி.இ. மூணாவது வருஷம். நாங்களே செஞ்சதா ரெக்கார்டுல எழுதினோமான்னு மட்டும் கேட்காதீங்க!) அதோட, சென்னையில சர்வே வேலை பார்க்கிற சீனியர் அண்ணா ஒருத்தர்கிட்ட கெஞ்சினேன். பூமிக்குள்ள புதைஞ்சிருக்கிற பைப், மேன்ஹோல் மூடி எல்லாம் தேடறதுக்கு அவர் வெச்சிருக்கிற மெஷின் கிட்டத்தட்ட 80,000. "ஒரே ஒரு சனிக்கிழமைதான்"னு கண்டிஷன் போட்டு எடுத்துட்டு வந்தார்.

சரி, ரெண்டும் கையில இருக்கு. மோதிரத்தைத் தேடறதுக்கு முன்னாடி ஒரு பரீட்சை வெச்சோம். வீட்டுக்குப் பின்னாடி குழி தோண்டி, ஸ்கேல் வெச்சு அளந்து, ஒவ்வொரு பொருளா புதைச்சோம். பழைய கனமான அஞ்சு ரூபாய்க் காசை நம்ம பட்ஜெட் பார்ட்டி 13 சென்டிமீட்டர் வரைக்கும் கண்டுபிடிச்சுது. காஸ்ட்லி 24. அக்காவோட வெள்ளி மெட்டிக்கு 7, 14. தங்கச்சியோட குட்டித் தங்கத் தோடுக்கு 4, 10. பித்தளைச் சொம்புக்கு 40, 60. (சொம்பை எடுத்ததுக்கு பாட்டிகிட்ட வாங்கின திட்டு தனிக் கணக்கு.)

கவனிச்சீங்களா? விலை பன்னெண்டு மடங்கு. ஆழம் ஒண்ணரை மடங்குல இருந்து ரெண்டரை மடங்குதான்! கம்பெனிக்காரங்க ஏமாத்துறாங்களான்னா... இல்லை, இயற்கை ஏமாத்துது. டிடெக்டர் வட்டத்துக்குள்ள ஒரு கம்பிச்சுருள். அதுல ஓடுற மின்சாரம் மாறி மாறி காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்புது. அது உலோகத்துல பட்டதும் உலோகத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் உருவாகுது. அந்தச் சுழல் ஒரு குட்டிக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்புது. அதைப் பிடிச்சுதான் 'பீப்'. போகும்போதும் தூரத்தோட மூணாவது அடுக்குல பலம் குறையுது, வரும்போதும் அதே மாதிரி. ரெண்டையும் சேர்த்தா ஆறாவது அடுக்கு. அதாவது, காசு ரெண்டு மடங்கு ஆழத்துக்குப் போனா சிக்னல் 64-ல் ஒரு பங்காயிடும். அந்த 64 மடங்கு பலவீனமான முனகலைக் கேட்கத்தான் அவ்வளவு காசு.

அப்போ காஸ்ட்லி மெஷின் தண்டமா? அதுவும் இல்லை. நம்ம 6,500 ரூபாய் மெஷினை பம்ப்செட் பக்கம் கொண்டுபோனா கரன்ட் கம்பியைப் பார்த்தே கத்துது. செம்மண் வரப்புல வெச்சா, மண்ணுல இருக்கிற இரும்புச் சத்தையே புதையல்னு நினைச்சுக்குது. காஸ்ட்லி மெஷின் மண்ணோட குணத்தைக் கணக்குப் பண்ணிக் கழிச்சிடுது. ஆணியும் காசும் பக்கத்துல பக்கத்துல கிடந்தா ரெண்டையும் பிரிச்சுச் சொல்லுது. மழையில நனைஞ்சாலும் கவலை இல்லை. உலகத்துல இதுக்கும் மேல இருக்கு. ஆஸ்திரேலியாக்காரங்க தங்கக் கட்டி தேட வாங்குற மைன்லேப் ஜி.பி.எக்ஸ். 6000 மாதிரி மெஷின் 2021-ல் வந்தப்போ விலை சுமார் 6,000 டாலர்!

சில இடங்கள்ல பட்ஜெட்னு பேசவே கூடாது. இலங்கை வடக்குல, முகமாலை மாதிரி இடங்கள்ல கண்ணிவெடி எடுக்கிறவங்களை நினைச்சுப் பாருங்க. அதுல நம்ம தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர். சில வெடிகள்ல உலோகம் துளியூண்டுதான், மிச்சமெல்லாம் பிளாஸ்டிக். அங்கே ஒரு 'பீப்' தவறினா கால் போயிடும். அதனால நல்ல மெஷினையும் வெச்சுக்கிட்டு, பல இடத்துல அதையும் முழுசா நம்பாம, நீளமான ரேக்கை வெச்சு மண்ணை அங்குலம் அங்குலமா சீய்ச்சுப் பார்க்கிறாங்க.

நம்ம கதைக்கு வருவோம். சனிக்கிழமை மதியம் காஸ்ட்லி மெஷினோட வயலுக்குள்ள இறங்கினோம். பீப்! தோண்டினா டாஸ்மாக் பாட்டில் மூடி. பீப்! பாக்குப் பொட்டலத்தோட ஜிகினாத் தாள். பீப்! மறுபடி மூடி. சாயந்திரத்துக்குள்ள எண்ணிப் பார்த்தா 43 மூடி, 27 பொட்டலம், ஒரு அரிவாள் பூண்.

"ஜிகினாவை ஒதுக்கிடுன்னு மெஷின்ல செட் பண்ணிடலாமே அண்ணா?"ன்னேன். சீனியர் சிரிச்சார். "பண்ணலாம்மா. ஆனா மோதிரமும் சேர்ந்து போயிடும்!" காரணம் இருக்கு. மெஷின் உலோகத்தோட பேரைப் பார்க்கிறதில்லை. திரும்பி வர்ற சிக்னல் எவ்வளவு தாமதமாகுதுன்னு பார்த்து ஒரு நம்பர் காட்டுது. மெல்லிசான தங்க மோதிரமும் அலுமினியத் தாளும் அந்த நம்பர்ல அண்ணன் தம்பி. இன்னொரு கூத்து... இப்போ புழக்கத்துல இருக்கிற ஒரு ரூபாய்க் காசு காந்தத்துல ஒட்டுற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பை ஒதுக்கச் சொன்னா, அதையும் ஆணின்னு தள்ளிடும்!

இருட்டினதும் சீனியர் மெஷினோட பஸ் ஏறிட்டார். பெரியம்மா ஒண்ணும் சொல்லலை. "விடுடி, மண்ணுதானே குடுத்துச்சு, மண்ணே எடுத்துக்கிச்சு"ன்னு சோறு போட்டாங்க. அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது.

அன்னிக்கு ராத்திரி திண்ணையில தாத்தா ஒருத்தர் கேட்டார். "ஏம்மா, இந்த மெஷினை நம்ம சிவன் கோயில் பக்கம் காட்டினா என்ன?" பசங்க கண்ணெல்லாம் பளிச்! ஏன்னா, கூரம் சாதாரண ஊர் இல்லை. கூரத்தாழ்வார் பிறந்த ஊர். ஏழாம் நூற்றாண்டுல முதலாம் பரமேஸ்வரவர்மன் காலத்துல எழும்பின 'வித்யாவிநீத பல்லவ பரமேஸ்வர கிருகம்' இங்கேதான். அந்தக் கோயிலுக்கு மானியம் எழுதின ஏழு செப்பேடு கிடைச்சிருக்கு. மண்டபத்துல பாரதம் வாசிக்கிறவருக்குக்கூட அதுல ஒரு பங்கு! கூரத்து நடராஜர், பல்லவர் கால செப்புத் திருமேனி, சென்னை எழும்பூர் மியூசியத்துல இருக்கார். நாம வழக்கமா பார்க்கிற மாதிரி காலைக் குறுக்கே வீசாம, முழங்காலை மேலே தூக்கி ஆடுற நடராஜர். அடுத்த தடவை எழும்பூர் போனா பாருங்க.

செம்பும் வெண்கலமும் டிடெக்டருக்கு அல்வா மாதிரி. மின்சாரம் நல்லா ஓடுற உலோகம். 6,500 ரூபாய் மெஷினே கத்திடும். அதனாலதான் நான் "வேண்டாம் தாத்தா"ன்னேன். பழைய பொருளுக்குப் பாதி மதிப்பு அது கிடந்த இடத்துலதான். எந்த ஆழத்துல, எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்துல, எந்த மண் அடுக்குலன்னு பார்த்துதான் காலம் சொல்றாங்க. கடப்பாரை போட்டு உருவிட்டா சிலை கிடைக்கும், கதை போயிடும். 2023 ஏப்ரல்ல சீர்காழி சட்டைநாதர் கோயில்ல யாகசாலைக்குக் குழி எடுத்தப்போ இருபதுக்கு மேல ஐம்பொன் சிலையும், தேவாரம் எழுதின நானூத்துக்கு மேல செப்பேடும் வந்துச்சே... எல்லாம் ஒரே குழியில ஒண்ணா இருந்ததாலதான் 'யாரோ பத்திரமா ஒளிச்சு வெச்சிருக்காங்க'ன்னு புரிஞ்சுது.

சட்டமும் கறார். 1878-ம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள்ள மறைஞ்சிருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா (ஆமா, பத்தே ரூபாய்!) கலெக்டருக்கு எழுத்துல தெரிவிக்கணும். சொந்த பட்டா நிலமா இருந்தாலும் சரி. மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். ஒழுங்கா சொன்னா, உரிமை கோரி யாரும் வரலைன்னா, வேற ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம்னா, அதைச் சுத்தி 100 மீட்டருக்கு மத்தியச் சட்டமே தடை போட்டிருக்கு. நம்ம உத்திரமேரூர் குழம்பேஸ்வரர் கோயில்ல 2020 டிசம்பர்ல திருப்பணி நடந்தப்போ அரைக் கிலோவுக்கு மேல தங்கம் கிடைச்சு, 'குடுக்க மாட்டோம்'னு ஊர் நின்னு, கடைசியில வருவாய்த் துறை கைக்குப் போனது தாத்தாவுக்கே ஞாபகம் இருந்துச்சு. "அது சாமி சொத்தும்மா"ன்னார். "அதான் தாத்தா, நாம தேட வேண்டாம்"னேன்.

இங்கிலாந்துல எரிக் லாஸ்னு ஒருத்தர். 1992 நவம்பர்ல நண்பரோட வயல்ல தொலைஞ்சுபோன சுத்தியலைத் தேடப் போனார். கிடைச்சது ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும். கிட்டத்தட்ட 15,000 காசு! கொஞ்சம் எடுத்ததுமே 'இது பெரிய விஷயம்'னு புரிஞ்சு, தோண்டுறதை நிறுத்திட்டு தகவல் சொல்லிட்டார். மிச்சத்தை அகழாய்வுக்காரங்க வந்து அடுக்கு கலையாம எடுத்தாங்க. இப்போ பிரிட்டிஷ் மியூசியத்துல அந்தப் புதையலோட சுத்தியலும் இருக்கு!

ஞாயித்துக்கிழமை காலையில நானும் தங்கச்சியும் 6,500 ரூபாய் மெஷினோட மறுபடி இறங்கினோம். இந்த முறை யோசிச்சோம். மோதிரம் விழுந்து ஒரு வாரம்தான் ஆச்சு. பல்லவர் காலத்து ஆழத்துக்கா போயிருக்கும்? மேல் மண்ணுலதான் இருக்கணும். அன்னிக்குப் பிடுங்கின இடம் பத்து சென்ட். 66 அடிக்கு 66 அடி. கயிறு கட்டி ரெண்டு அடி அகலத்துக்குப் பிரிச்சா 33 தடம். ஒரு தடத்தை முடிக்காம அடுத்ததுக்குப் போகக் கூடாது. வட்டத்தை மண்ணை உரசுற மாதிரி, மெதுவா, முந்தின வீச்சைப் பாதி மறைக்கிற மாதிரி வீசணும். எந்தச் சத்தத்தையும் 'மூடிதான்'னு விடக் கூடாது.

ஞாயிறு 14 தடம். திங்கள்கிழமை காலேஜுக்கு கட். செவ்வாய்க்கிழமையும்தான்! 29-வது தடத்துல, ஒரு கொடியோட வேருக்கு அடியில, மூணு சென்டிமீட்டர்கூட இருக்காது... மெல்லிசா ஒரு பீப். மண்ணை ஊதினா மஞ்சளா ஒரு வளைவு. தங்கச்சி கத்துன கத்துல பக்கத்து வயல் மாடு ஓடிப்போச்சு!

வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்...

* போன வாரம் தொலைச்ச நகைக்கு பட்ஜெட் மெஷினே போதும். ஆழமா புதைஞ்ச பைப்புக்கு வாங்காதீங்க, வாடகைக்கு எடுங்க.
* 'பத்து அடி ஆழம், தங்கத்தை மட்டும் காட்டும்'னு யாராவது வித்தா ஓடிடுங்க. அப்படி ஒண்ணு இயற்பியல்ல கிடையாது.
* வாங்கின உடனே உங்க ஊர் மண்ணுல காசைப் புதைச்சு டெஸ்ட் பண்ணுங்க. அட்டைப்பெட்டியில போட்ட ஆழம் காத்துல அளந்ததா இருக்கலாம்.
* நிலத்துக்காரர் அனுமதி இல்லாம வரப்பு தாண்டாதீங்க. கோயில், கோட்டை, பழைய மேடு பக்கம் மூச்!
* பழைய பொருள் தெரிஞ்சா கையை எடுங்க. போட்டோ எடுங்க. வி.ஏ.ஓ., தாசில்தார் வழியா கலெக்டருக்கு எழுதுங்க.

மோதிரத்தைக் கையில வாங்கின பெரியம்மா அதை விரல்ல போடவே இல்லை. முந்தானையில முடிஞ்சுக்கிட்டு நேரா அடகுக் கடைக்குப் போனாங்க. ஃபீஸ் கட்டியாச்சு. ரசீது தங்கச்சி பையில பத்திரமா இருக்கு. அது தொலைஞ்சா மட்டும் என்னைக் கூப்பிடாதேன்னு சொல்லியிருக்கேன்... காகிதத்துக்கு பீப் அடிக்கிற மெஷின் இன்னும் வரலை மக்களே!