துப்பாக்கிக்குரிய வயதை யார் நிர்ணயிப்பது?

அமெரிக்காவில் கைத்துப்பாக்கி வாங்குவதற்குரிய குறைந்தபட்ச வயது 18 ஆக இருக்க வேண்டுமா அல்லது 21 ஆக நீடிக்க வேண்டுமா என்ற சர்ச்சை 2025 ஆம் ஆண்டில் நீதிமன்றங்களில் வெளிப்படையான முரண்பாடாக வெடித்தது. அவ்வாண்டு ஜனவரி 30 ஆம் திகதி, டெக்ஸாஸ், லூசியானா, மிசிசிப்பி மாநிலங்களுக்குரிய ஐந்தாவது பிராந்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், உரிமம் பெற்ற வர்த்தகர்கள் 21 வயதுக்குட்பட்டோருக்குக் கைத்துப்பாக்கி விற்பதைத் தடுக்கும் சமஷ்டிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. வேர்ஜினியா, மேரிலாண்ட் உள்ளிட்ட மாநிலங்களுக்குரிய நான்காவது பிராந்திய நீதிமன்றமோ ஜூன் 18 ஆம் திகதி அதே சட்டம் செல்லுபடியானதே என்றது.

இச்சட்டம் நேற்று இன்று இயற்றப்பட்டதல்ல. 1963 இல் ஜனாதிபதி ஜோன் கென்னடியும், 1968 இல் மார்ட்டின் லூதர் கிங், ரொபர்ட் கென்னடி ஆகியோரும் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னணியில், 1968 ஒக்டோபரில் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் கையொப்பமிட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கமே இது. ஆனால் பிறக்கும்போதே அது ஓட்டையுடன் பிறந்தது. கைத்துப்பாக்கிக்கு 21 வயது என்ற அச்சட்டம், ரைபிளுக்கு 18 வயதே போதும் என்றது. மேலும், உரிமம் பெற்ற கடைக்காரர் விற்க முடியாத அதே கைத்துப்பாக்கியை, உரிமமற்ற தனிநபர் ஒருவர் 18 வயது இளைஞனுக்கு விற்பதைச் சமஷ்டிச் சட்டம் தடுக்கவில்லை. 2022 மே மாதத்தில் பபலோ நகரில் பத்துக் கறுப்பினத்தவர்களைக் கொன்றவனும், யுவால்டே பாடசாலையில் 19 சிறுவர்களையும் இரு ஆசிரியர்களையும் கொன்றவனும் 18 வயதினரே. இருவரும் பயன்படுத்திய ரைபிள்கள் சட்டப்படி விலைக்கு வாங்கப்பட்டவை. அடுத்த மாதம் காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம், 21 வயதுக்குட்பட்டோர் பற்றிய பின்னணிச் சோதனையை இறுக்கியதே தவிர வயதெல்லையைத் தொடவில்லை.

அதே ஜூன் மாதத்தில் அமெரிக்க உயர் நீதிமன்றம், நியூயோர்க் மாநிலச் சட்டமொன்றை நிராகரித்து, துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவாயினும் அது நாட்டின் வரலாற்று மரபுக்கு இசைவானதாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை விதித்தது. இன்றைய குழப்பத்தின் மூலவேர் இதுவே என்பது நமது கருத்து. ஐந்தாவது பிராந்திய நீதிமன்றம் 1792 ஆம் ஆண்டின் குடிப்படைச் சட்டத்தை எடுத்துப் பார்த்தது. அச்சட்டம் 18 வயதினரைப் படையில் சேர்த்து, ஆயுதத்துடன் வரும்படி பணித்திருந்தது. ஆதலால் அவர்களுக்கு ஆயுத உரிமை உண்டு என்பது அதன் வாதம். நான்காவது பிராந்திய நீதிமன்றம் பார்த்ததும் அதே காலத்தையே. ஆனால் அன்று 21 வயதுவரை ஒருவர் பராயமடையாதவராகவே கருதப்பட்டார், கட்டுப்படுத்தும் ஒப்பந்தமொன்றைச் செய்துகொள்ள முடியாதவராக இருந்தார், ஆதலால் விற்பனைத் தடை மரபுக்குப் புறம்பானதல்ல என்ற முடிவுக்கு அது வந்தது. இரு வாதங்களிலும் வரலாற்று ஆதாரம் உண்டு. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு நிரப்ப வேண்டிய துப்பாக்கியின் காலத்து ஏடுகள், சட்டைக்குள் மறைத்துச் செல்லக்கூடிய இன்றைய ஆயுதத்தைப் பற்றி என்ன சொல்ல முடியும்?

இன்றைய நிலைமை என்ன என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி. 2020 முதல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையானோரின் மரணத்துக்கு முதன்மைக் காரணம் வாகன விபத்தல்ல, துப்பாக்கியே. பாடசாலைப் படுகொலைகள் உலகின் கவனத்தை ஈர்க்கின்றன. ஆனால் ஆயுத வகை அறியப்பட்ட துப்பாக்கிக் கொலைகளில் மிகப் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நிகழ்ந்தவை. துப்பாக்கி மரணங்களில் பாதிக்கு மேற்பட்டவை தற்கொலைகள். கணநேர விரக்தியில் இருக்கும் இளைஞனுக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இல்லாதிருப்பதே பல வேளைகளில் உயிரைக் காக்கும் என்பதை மருத்துவத்துறையினர் தொடர்ந்து வலியுறுத்தி வருகின்றனர்.

வாக்களிக்கவும் போர்முனையில் உயிரைக் கொடுக்கவும் 18 வயது போதுமாயின் துப்பாக்கி வாங்க ஏன் போதாது என்று எதிர்த்தரப்பினர் கேட்கின்றனர். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதமல்ல இது. ஆயினும் இராணுவச் சிப்பாய் பயிற்சிக்கும் மேலதிகாரியின் கண்காணிப்புக்கும் உட்பட்டே ஆயுதம் ஏந்துகிறான். முகாமில் கடமை முடிந்ததும் அது ஆயுதக் களஞ்சியத்துக்குத் திரும்பிவிடுகிறது. கடையில் வாங்கியது தலையணையின் கீழ் இருக்கிறது. மதுபானம் வாங்க 21 வயது வேண்டும் என்பதை 1984 முதல் அந்நாடு பெரிய முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதையும் இங்கு குறிப்பிட வேண்டும்.

புளோரிடாவின் கதை இவ்விடயத்தில் தனித்துவமானது. 2018 பெப்ரவரியில் பார்க்லாண்ட் பாடசாலையில் 19 வயது இளைஞன் 17 பேரைச் சுட்டுக்கொன்ற மறுமாதமே, குடியரசுக் கட்சியின் ஆதிக்கத்திலிருந்த அம்மாநிலச் சட்டமன்றம் எல்லாவகைத் துப்பாக்கிகளுக்கும் கொள்வனவு வயதை 21 ஆக உயர்த்தியது. தேசிய ரைபிள் சங்கம் உடனடியாக வழக்குத் தொடுத்தது. ஏழாண்டுகளின் பின்னர், 2025 மார்ச்சில், பதினோராவது பிராந்திய மேன்முறையீட்டு நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிப்படுத்தியது. தீர்ப்பு வெளியான கையோடு அம்மாநிலச் சட்டமா அதிபரே, வழக்கு உயர் நீதிமன்றம் சென்றால் இச்சட்டத்துக்காகத் தமது திணைக்களம் வாதாடாது என அறிவித்தார். வயதெல்லையை மீண்டும் 18 ஆகக் குறைக்கும் சட்டமூலத்தை மாநிலப் பிரதிநிதிகள் சபை 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நிறைவேற்றியது. மூன்று முறையும் அது மாநில செனட் சபையைத் தாண்டவில்லை.