தூய கதைகளும் துலங்காத சமன்பாடும்

ஆபாசம் இல்லாத ஒரு ஜப்பானிய மங்காவைக் கண்டால், ‘இதையேனும் பிள்ளைகள் படிக்கட்டும்’ என்று நாம் நிம்மதி அடைந்துவிடுகிறோம். ஆபாசம் இல்லை என்பது மட்டுமே ஒரு கதைக்கு நற்சான்று ஆகிவிடுமா?

சிறுமியருக்காக வரையப்படும் ‘ஷோஜோ’ வகையில் புகழ்பெற்றது ‘ஓரெ மோனோகதாரி’. கவாஹாரா கசுனே எழுத, அருகோ வரைந்த இக்கதை 2016இல் நிறைவுற்றது. மொத்தம் 13 தொகுதிகள். மலைபோன்ற உடல்வாகு கொண்ட தகேயோ என்னும் மாணவன், ரயிலில் தொல்லைக்கு ஆளான யமாதோவைக் காக்கிறான். அவள் நன்றியாகத் தன் கையால் செய்த இனிப்புகளைக் கொண்டு வருகிறாள். அங்கிருந்து காதல் மலர்கிறது.

திருமணத்திற்கு முந்தைய காதலைப் பற்றிய மார்க்க நிலைப்பாடு தெளிவானது. அதை இங்கே விரிக்கவில்லை. தகேயோவின் பெருந்தன்மையையும் நண்பன் சுனகாவாவின் விசுவாசத்தையும் மறுக்கவும் இல்லை. நாம் கேட்பது வேறு. இக்கதையில் ஆணின் நற்குணம் ஆபத்திலிருந்து மீட்பதாகவும், பெண்ணின் நற்குணம் சமைத்துத் தருவதாகவும் திரும்பத் திரும்ப வரையப்படுவது ஏன்? யமாதோ கேக் கடையில் பகுதிநேர வேலைக்குச் செல்லும்போது, அங்கே கலைஞனாகப் போற்றப்படும் பேக்கர் ஓர் ஆண். அன்புக்காகச் செய்தால் அது பெண்ணின் இயல்பாம். தொழிலாகச் செய்தால் ஆணின் திறமையாம்!

தகேயோ அவளைக் களங்கமற்றவளாகவே எண்ணிப் போற்றுகிறான். தன் மனத்தில் இருப்பதைச் சொன்னால் அந்த மதிப்பு குலைந்துவிடுமோ என்று அவள் அஞ்சுகிறாள். பீடத்தில் ஏற்றப்பட்டவளுக்கு வாய்திறக்க இடமில்லை என்பதைக் கதையே ஒரு கணம் ஒப்புக்கொள்கிறது.

‘இதெல்லாம் இயல்புதானே, பெண்ணுக்குச் சமையல் அழகுதானே’ என்போர் நம்மிடையே உண்டு. சமையல் அழகுதான்; ஆனால் அது பெண்ணுக்கு மட்டும் உரிய அழகு என்று யார் சொன்னது? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, தம் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தது புகாரீயில் பதிவாகியுள்ளது. பெரும் வீரம் வாழ்வில் என்றோ ஒரு நாள் தேவைப்படலாம். உண்ட தட்டைக் கழுவும் பொறுப்போ தினமும் மூன்று வேளை வருகிறது.

ஆகவே பெற்றோரே, நூலைப் பறித்து வைப்பதால் மட்டும் பயனில்லை. மகளோடும் மகனோடும் அமர்ந்து அதைப் புரட்டுங்கள். ‘இவன் யாரைக் காப்பாற்றினான்?’ என்று கேட்ட பிறகு, ‘இவன் வீட்டில் யாருக்கு உதவினான்?’ என்றும் கேளுங்கள். பிறகு, நம் வீட்டுச் சமையலறையில் இன்றிரவு யார் யார் நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அங்கே நம் மகன் இல்லையென்றால், அந்தப் பாடத்தை அவனுக்குக் கற்பித்தது ஜப்பானியக் கதை அன்று, நாம்தான்.