லேப்டாப் கடையில் மூன்றாவது பெயர்

ஜூன் பிறந்தால் கோவை காந்திபுரத்து கம்ப்யூட்டர் கடைகளில், கல்லூரியில் சேரும் பிள்ளைகளோடு பெற்றோர் வந்து நிற்பார்கள். "இன்டெல் பார்க்கறீங்களா, ஏ.எம்.டி. போதுங்களா?" - கடைக்காரர் கேட்பது இதுவரை இவ்வளவுதான். இப்போது மூன்றாவதாக ஒரு பெயரும் சேர்ந்திருக்கிறது: ஸ்நாப்டிராகன்.

பெயர் மட்டும் புதிதல்ல. சிப்புக்குப் புரியும் மொழியே வேறு. 1978-ல் இன்டெல் கொண்டுவந்த 8086 சிப்பின் வழிவந்த 'எக்ஸ்86' மொழியில்தான் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் இயங்கிவந்தன. அந்தச் சிப்புகளைத் தருவது முக்கியமாக இரண்டே நிறுவனங்கள். நம் செல்போனில் இருப்பதோ இங்கிலாந்தின் 'ஆர்ம்' நிறுவன வடிவமைப்பு. உரிமம் வாங்கும் நிறுவனங்கள் அதை வைத்துத் தங்கள் சிப்பைச் செய்துகொள்ளலாம். மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பது அதன் பலம்.

2020 நவம்பரில் ஆப்பிள் தன் லேப்டாப்களில் இந்த வழிக்கு மாறியது. 2024 ஜூனில் குவால்காமின் ஸ்நாப்டிராகன் எக்ஸ் சிப்போடு விண்டோஸ் லேப்டாப்கள் வந்தன. அதே அக்டோபரில், காலமெல்லாம் மோதிக்கொண்ட இன்டெல்லும் ஏ.எம்.டி.யும் எக்ஸ்86-ஐ வலுப்படுத்த ஒரே குழுவில் கைகோத்தன!

பல பட்டறைகள் பம்ப்செட் செய்தால் வாங்குபவருக்கு என்ன லாபம் என்று கோவைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிப்பிலும் அதே கணக்குதான். 2010-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 'ரிஸ்க்-ஃபைவ்' மொழிக்கு உரிமக் கட்டணமே கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' சிப் அதில் உருவானதுதான். கடை லேப்டாப்பில் அந்த வகை இடம்பிடிக்க இன்னும் நாளாகும்.

ஆனால், பணம் கட்டுமுன் ஒரு எச்சரிக்கை. எக்ஸ்86-க்கு எழுதிய பழைய மென்பொருள்களை ஆர்ம் விண்டோஸ் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். எல்லாமே ஓடும் என்று சொல்ல முடியாது. பிரின்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவற்றை இயக்கும் 'டிரைவர்'களுக்கு அந்த மொழிபெயர்ப்பு உதவாது. புதிதாக எழுதியிருந்தால்தான் உண்டு. இன்ஜினீயரிங் சேரும் பிள்ளைக்கு என்றால், கல்லூரியில் மென்பொருள் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கடைக் கணக்குக்கு என்றால், உங்கள் பில் பிரின்டரும் டோக்கனும் வேலை செய்கின்றனவா என்று பொருத்திப் பாருங்கள்.

பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது இரண்டாவது கேள்வி. நம் வேலை அதில் நடக்குமா என்பதே முதல் கேள்வி.