பெற்றவள் மடியும் சாச்சியின் கையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகளில், தடுப்புச் சுவர்மீது அமர்ந்திருக்கும் குரங்குக் கூட்டங்களை நீங்கள் கண்டிருப்பீர்கள். உச்சந்தலை மயிர் குல்லாய் போல் படிந்த நாட்டுக்குரங்குகள் அவை. சற்றே கூர்ந்து நோக்குங்கள். ஒரு மந்தியின் குட்டியை இன்னொரு மந்தி தூக்கி வைத்திருக்கும். பெற்றவள் தடுக்க மாட்டாள்.

மனிதனையும் குரங்கையும் ஒப்பிட்டாலே முகம் சுளிப்போர் நம்மில் உண்டு. முதல் மனிதரைப் பற்றிய வாதத்துக்குள் நான் புகவில்லை. பேச வந்தது பிள்ளை வளர்ப்பைப் பற்றி மட்டுமே.

1960களில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் காஃப்மன், ரோசன்பிளம் என்னும் ஆய்வாளர்கள் நாட்டுக்குரங்குகளையும், தென்கிழக்காசியாவின் பன்றிவால் குரங்குகளையும் தனித்தனிக் கூட்டங்களாக வளர்த்தனர். பின்னர்க் குட்டிகளிடமிருந்து தாய்களைச் சில வாரங்கள் பிரித்து வைத்தனர். குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த பறவைக்கு அவற்றைத் திருப்பித் தரச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உம்மத்தாகிய நமக்கு இச்சோதனை உவப்பானதன்று. ஆயினும் அதில் வெளிப்பட்டதை அறிந்துகொள்வது நல்லது.

பன்றிவால் குட்டி முதலில் கதறியது, ஓடியோடித் தேடியது. பிறகு தலை தாழ்த்தி, உடலைச் சுருட்டி, விளையாட்டை மறந்து ஒடுங்கிவிட்டது. தாயைப் பிரிந்த மனிதக் குழந்தையைக் கண்டவர்களுக்கு அக்கோலம் புதிதன்று. நாட்டுக்குரங்குக் குட்டியோ அவ்வாறு ஒடுங்கவில்லை. கூட்டத்திலிருந்த மற்றவை அதனை அணைத்துக் காத்தன. பன்றிவால் தாய் தன் குட்டியைப் பிறர் தொட எளிதில் விடுவதில்லை. நாட்டுக்குரங்குக் குட்டியோ, தாய் இருக்கும்போதே பலருடைய கைகளில் பழகிவிடுகிறது.

ஏலத்தோட்ட வேலைக்காகக் காலையில் ஜீப்பில் மலையேறும் எங்கள் பகுதித் தாய்மார்கள், பிள்ளையை நன்னியிடமோ சாச்சியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுச் செல்கிறார்கள். “பெற்றவள் பார்க்காத பிள்ளை” என்று அவர்களைக் குத்திப் பேசும் நாவுகளும் ஊரில் உண்டு. அந்தப் பிள்ளை பிறந்தது முதல் நன்னியின் கையை அறிந்திருக்கிறது என்பதை அந்நாவுகள் மறந்துவிடுகின்றன.

ரோசன்பிளம் 1984இல் பாலி என்பவருடன் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகத் தோன்றுகிறது. இம்முறை நாட்டுக்குரங்குத் தாய்கள் மூன்று பிரிவாக்கப்பட்டன. முதற்பிரிவுக்கு உணவு எளிதில் கிடைத்தது. இரண்டாம் பிரிவு எப்போதும் தேடித் துழாவியே உண்ண வேண்டும். மூன்றாம் பிரிவுக்குச் சில நாட்கள் எளிது, சில நாட்கள் கடினம். எப்பிரிவின் குட்டிகள் அதிகம் கலங்கின என்று நினைக்கிறீர்கள்? ஓயாது உழைத்த தாயின் குட்டிகள் அல்ல. மூன்றாம் பிரிவின் குட்டிகளே! அவை தாயை விட்டு நகர அஞ்சி ஒட்டிக் கிடந்தன, விளையாட்டும் குறைந்தது.

தாயின் உழைப்பு பிள்ளையைக் கெடுக்கிறது என்பார் இதனை எண்ணிப் பார்க்கட்டும். நாளை வேலைக்கு அழைப்பார்களா, கூலி வருமா என்ற திகிலோடு வீடு திரும்புகிற தாயின் மடியில் பிள்ளைக்கு எப்படி அமைதி கிட்டும்? தினந்தோறும் வேறொரு வீட்டில் பிள்ளையை விட நேர்வதும் அத்தகையதே. தோட்டத்துக்கு ஆள் சேர்ப்போர் மறுநாள் வேலையை முன்னதாகச் சொல்வதும், கூலியைச் சொன்ன நாளில் கொடுப்பதும் அந்தப் பிள்ளைக்குச் செய்யும் உதவியுமாகும்.

வளைவுகளில் வாகனத்தை நிறுத்திக் குரங்குகளுக்குப் பழம் எறிவதை நன்மையென்று கருதுகிறோம். விடுமுறை நாளில் குவியல்; மறுநாள் வெறும் சாலை. அதையே நம்பிப் பழகிவிட்ட மந்தியை நாம் அந்த மூன்றாம் பிரிவில்தான் சேர்க்கிறோம்.