குடிவரவு அதிகாரியின் யதார்த்தவாதம்

அமெரிக்காவில் நிரந்தர வசிப்புரிமை பெறுகிறவர்களை நம் நண்பர்கள் இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். திறமையால் போனவன், தாலியால் போனவன். முதல் ஜாதிக்கு மரியாதை. இரண்டாவதைப் பற்றிய பேச்சில் உதட்டோரம் ஒரு சுழிப்பு. இது சம்பந்தி வீட்டுத் திண்ணைப் பேச்சாக இருந்தால் எனக்கு அக்கறையில்லை. இலக்கியத்தில் 'அனுபவ உண்மை' என்பது பற்றி ஒன்றரை மணி நேரம் பேசிவிட்டு வந்த விமர்சகர் ஒருவர் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு இதே வார்த்தைகளைச் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நம்மிடையே எழுதப்படும் வெளிநாட்டுக் கதைகளிலும் கேட்பது இந்தச் சிரிப்புத்தான். க்ரீன் கார்டுக்காகக் கல்யாணம் செய்துகொண்ட பாத்திரம் ஒன்று வந்தால் கடைசிப் பக்கத்துக்குள் அது தண்டிக்கப்பட்டாக வேண்டும். கம்பெனி மனுப் போட்டு வாங்கிக் கொடுத்த க்ரீன் கார்டோ கதையில் வெறும் பின்னணி, சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி.

இந்தப் பிரிவினை பொய் என்பது என் கட்சி. அதிலும் எழுத்தாளன் சொல்லக்கூடாத பொய். ஏனென்றால் இதை நாமாகப் பார்த்து, யோசித்துச் சொல்லவில்லை. குடிவரவு இலாகாவின் ஃபைலிலிருந்து எடுத்து அப்படியே சொல்கிறோம்.

முதலில் அந்தத் 'திறமை'யைப் பார்ப்போம். வேலையின் பேரில் வருஷத்துக்குத் தரப்படும் க்ரீன் கார்டுகள் சுமார் 1,40,000. பெரும்பாலான இனங்களில் மனுப் போடுவது போகிறவன் அல்ல, அவனை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி. அந்த வேலைக்குத் தகுந்த அமெரிக்கர் கிடைக்கவில்லை என்று அது தொழில் இலாகாவிடம் சான்று வாங்க வேண்டும். அதற்காக 'ஆள் தேவை' என்று விளம்பரம் செய்ய வேண்டும். நாற்காலியில் ஏற்கனவே ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்காகத்தான் விளம்பரம், வேறு யாராவது விண்ணப்பித்துவிடப் போகிறார்களே என்பதுதான் கவலை. இப்படி, விண்ணப்பம் வராத விதமாக ஆள் தேடினார்கள் என்ற குற்றச்சாட்டின் பேரில் ஃபேஸ்புக் 2021இல் சுமார் 1.4 கோடி டாலர் வரையும், ஆப்பிள் 2023இல் 2.5 கோடி டாலர் வரையும் கொடுக்கச் சம்மதித்து அமெரிக்க நீதி இலாகாவுடன் சமரசம் செய்துகொண்டன. கள்ளக் கல்யாணம் என்ற சொல் நம்மிடம் சரளமாகப் புழங்குகிறது. கள்ள விளம்பரம் என்று ஒரு சொல் ஏன் புழங்கவில்லை?

அடுத்தது வரிசை. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் மொத்தத்தில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்பது பொது விதி. அதனால் இந்தியாவில் பிறந்த இன்ஜினியர் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறான். பக்கத்து மேஜையில் அதே வேலை பார்க்கும் வேறொரு நாட்டுக்காரன் அவனுக்கு வெகுமுன்பே வாங்கிவிடுகிறான். பிறந்த மண் தீர்மானிக்கிற வரிசைக்குத் திறமை என்று பெயர். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மனைவி வேறு நாட்டில் பிறந்தவளாக இருந்தால் அவள் நாட்டுக் கணக்கில் கணவனும் சேர்ந்துகொள்ளலாம். சட்டமே இதற்கு இடம் தருகிறது. திறமை வழியில் பத்து வருஷத்தைத் தாண்டிக் குதிக்க உதவுவதும் தாலிதான்.

மேலும், அந்த 1,40,000க்குள் மனைவி, கணவன், குழந்தைகள் எல்லோரும் அடக்கம். திறமையால் போனவன் பின்னால் அவன் மனைவி எதனால் போனாள்? எச்-4 விஸாவில் போன நம் பெண்கள், இங்கே பி.ஈ.யும் எம்.எஸ்ஸியும் படித்தவர்கள், 2015 வரை அங்கே ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை பார்க்கச் சட்டத்தில் இடமில்லை. அந்த வருஷம் வந்த விதியின்படியும் கணவனின் மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால்தான் அனுமதி. விவாகரத்து ஆனால் அந்த விஸாவும் போயிற்று. இவளைத் 'தாலியால் போனவள்' என்று யாரும் சொல்வதில்லை. அவள் போனது ஜாதகம் பார்த்து.

பணத்தின் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் வருஷச் சட்டம் முதலீட்டாளனுக்குக் கதவைத் திறந்தது. 2022 முதல் குறைந்தபட்ச விலை 8 லட்சம் டாலர். 2025 செப்டம்பரில், 10 லட்சம் டாலர் 'அன்பளிப்பு'க்குத் தங்க அட்டை என்று ஜனாதிபதியின் உத்தரவே வெளிவந்தது. இந்த அன்பளிப்பைத் தருகிறவன் அமெரிக்காவை மெய்யாகவே நேசிக்கிறானா என்று யாரும் அவனைத் தனியறையில் உட்காரவைத்து விசாரிக்கப் போவதில்லை.

அந்த விசாரணை கல்யாணத்துக்கு மட்டும்.

அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கோ கணவனுக்கோ எண்ணிக்கை வரம்பு கிடையாது, பிறந்த நாட்டின் வரிசையும் கிடையாது. ரத்த உறவையும் அகதியையும் தள்ளிவைத்துப் பார்த்தால், மற்ற வழிகளில் பெரும்பாலும் தேசம் வருகிறவனிடமிருந்து எதையாவது வாங்கிக்கொள்கிறது: உழைப்பை, மூளையை, பணத்தை. இங்கே ஒரு குடிமகன், 'இந்த ஆள் என்னோடு இருக்க வேண்டும்' என்கிறான். அவ்வளவுதான். லாபநஷ்டக் கணக்கு இல்லாமல் ஒரு மனிதனை இன்னொரு மனிதனுக்காக உள்ளே விடுகிற வழி இது. அதனால்தான் சர்க்காருக்கு இதன்மேல் இவ்வளவு சந்தேகம் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்கில் வராததைச் சர்க்கார் நம்பாது.

சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நியூயார்க்கில் இதற்கு ஸ்டோக்ஸ் நேர்காணல் என்று பெயர், 1970களின் வழக்கு ஒன்றால் வந்த பெயர். படுக்கையில் யார் எந்தப் பக்கம், பல் துலக்கும் பிரஷ் என்ன நிறம், நேற்று ராத்திரி என்ன சாப்பாடு. பதில்கள் பொருந்தினால் மெய், இல்லாவிட்டால் பொய். இதன் பின்னால் இருப்பது ஓர் இலக்கியக் கொள்கை: தகவல் சரியாக இருந்தால் அனுபவமும் உண்மை. நமக்கு ரொம்பவும் பழகிய கொள்கை. தெருவின் பெயர், டீக்கடை பெஞ்சு, பாட்டியின் சுருக்குப்பை எல்லாம் பிசகாமல் இருப்பதால் கதை உண்மை என்று முத்திரை குத்துகிற விமர்சகன், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் அந்த அதிகாரியே அல்லாமல் வேறு யார்? முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவரைக் கேளுங்கள், மனைவியின் மூக்குக் கண்ணாடி என்ன பவர் என்று தெரியாது. ஒத்திகை பார்த்துவிட்டு வந்த இருவர் கணீரென்று சொல்வார்கள். தகவல்கள் அப்பழுக்கில்லாமல் பொருந்துவது பெரும்பாலும் பொய்யில்தான். எழுதிப் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நீதிபதிகளுக்குத் தெரிந்தது. 1975இல், பார்க் என்பவரின் வழக்கில், ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இது: பார்க்க வேண்டியது கல்யாணத்தின்போது சேர்ந்து வாழ்க்கை அமைக்கும் எண்ணம் இருவருக்கும் இருந்ததா என்பதை, பின்னால் பிரிந்தார்கள் என்பதால் மட்டும் அது பொய்க் கல்யாணம் ஆகிவிடாது, குடிமக்களின் கல்யாணங்களைவிட வழக்கமானதாகவோ வெற்றிகரமானதாகவோ அந்நியனின் கல்யாணம் இருந்தாக வேண்டும் என்று கேட்க முடியாது.

அதிகாரியின் மனதில் மெய்யான கல்யாணத்துக்கு ஒரு மாதிரி உண்டு: பழகினார்கள், காதலித்தார்கள், போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பிறகு மணந்தார்கள். நம் கல்யாணம் அதில் அடங்குமா? சொஜ்ஜி பஜ்ஜி தின்ற அரைமணி நேரத்தில் தீர்மானமாகிறது. நிச்சயமான ஜோடிக்கான அமெரிக்க விஸாவில், முந்தைய 2 வருஷத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: பெரியவர்கள் நிச்சயிக்கும் கல்யாணத்துக்கு முன் ஆணும் பெண்ணும் சந்திக்கக்கூடாது என்பது கறாரான வழக்கமாக இருந்தால் மன்னிப்பு. அந்நியச் சட்டம் இவ்வளவு தூரம் நமக்காக இறங்கி வந்திருக்கிறது. நாம் என்ன செய்கிறோம்? முன்பின் தெரியாத இருவரை, நகைக் கணக்குப் பேசி, மாப்பிள்ளை கையில் எந்த விஸா என்று விசாரித்து, நட்சத்திரத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் க்ரீன் கார்டையும் ஒரு வரியில் போட்டு வரன் விளம்பரம் கொடுத்துச் சேர்த்துவைக்கிறோம். அதை மெய் என்கிறோம். ஒரு தோழன் ஒரு தோழியை அவள் திருப்பியனுப்பப்படாமல் இருக்க ரிஜிஸ்தர் ஆபீஸில் மணந்தால் அது பொய்.

மெய், பொய் என்று இவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறவர்கள் முன் இரண்டு கல்யாணங்களை வைக்கிறேன்.

1935 ஜூன் மாதம் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் இங்கிலாந்தில் எரிகா மன்னை மணந்தார். தாமஸ் மன்னின் மகள். நாஜிகளைக் கிண்டல் செய்து மேடை நிகழ்ச்சிகள் நடத்தியவர். அதே வருஷம் ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டவர். பிரிட்டிஷ்காரனை மணந்த பெண் பிரிட்டிஷ் பிரஜை ஆகிவிடுவாள் என்பது அன்றைய சட்டம். இருவரும் முன்பின் பழகியவர்கள் அல்ல. ஆடன் ஓரினச் சேர்க்கையாளர். சேர்ந்து வாழவில்லை, 1969இல் எரிகா இறக்கும்வரை விவாகரத்தும் செய்துகொள்ளவில்லை. 1936இல் வந்த தன் தொகுப்பை ஆடன் அவருக்குச் சமர்ப்பித்தார். எந்த அதிகாரியின் அளவுகோலிலும் இது சுத்த மோசடி. ஆடன் தன் வாழ்நாளில் செய்த நேர்மையான காரியங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். நம் பத்திரிகைகளில் ஆடன் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் இதற்கு என்ன பெயர் வைக்கப் போகிறார்கள்?

1975இல், கொலராடோவின் போல்டர் ஊரில், அமெரிக்கரான ரிச்சர்ட் ஆடம்ஸும் ஆஸ்திரேலியரான அந்தோணி ஸல்லிவனும் முறைப்படி உரிமம் வாங்கி மணந்தார்கள். இரண்டு ஆண்கள். வசிப்புரிமைக்குப் போட்ட மனுவுக்குக் குடிவரவு இலாகா அனுப்பிய பதிலில், அச்சிலேற்றக் கூசும் ஒரு வசைச்சொல்லால் அவர்களைக் குறிப்பிட்டு, அப்படிப்பட்ட இருவரிடையே மெய்யான தாம்பத்தியம் இருக்கமுடியாது என்றது. 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கைவிட்டது. 2012இல் ஆடம்ஸ் இறக்கும்வரை இருவரும் பிரியவில்லை. ஸல்லிவனுக்கு க்ரீன் கார்டு வந்தது 2016இல், மனைவியை இழந்தவனுக்குரிய இடத்தில் துணைவனை இழந்தவனாக. எந்த நேர்காணலிலும் தோற்றிருக்க முடியாத தாம்பத்தியம் ஆயுள் முழுவதும் பொய்யாக இருந்து, ஒருவர் செத்தபிறகு மெய்யாயிற்று.

பிரிட்டன் தேடலை உடம்புக்குள்ளேயே கொண்டுபோயிற்று. 1979 ஜனவரியில், கல்யாணம் செய்துகொள்ள ஹீத்ரோவில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர், ஏற்கனவே கல்யாணமானவரோ என்ற சந்தேகத்தில் கன்னிமைப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டார். கார்டியன் பத்திரிகை பிப்ரவரியில் இதை வெளியிட்டது. அப்படிச் சோதிக்கப்பட்ட பெண்கள் குறைந்தது 80 பேர் என்று 2011இல் வெளிவந்த ஆவணங்கள் காட்டின. 1997 வரை அங்கே இன்னொரு விதியும் இருந்தது. தன் கல்யாணத்தின் பிரதான நோக்கம் பிரிட்டனில் குடியேறுவது அல்ல என்று வருகிறவன் நிரூபிக்க வேண்டும். இல்லாத நோக்கத்தை எந்த ரசீதைக் காட்டி நிரூபிப்பது? கணவனை அழைத்துக்கொள்ள, ஆணுக்குள்ள உரிமை பெண்ணுக்கு இல்லாதது பாரபட்சம் என்று 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிரிட்டிஷ் அரசு உடனே சமத்துவத்தைக் கொண்டுவந்தது: வரும் கணவர்களுக்கு இருந்த சோதனைகளை வரும் மனைவிகளுக்கும் நீட்டியது.

மோசடியே இல்லை என்று நான் சொல்லவில்லை. தரகன் இருக்கிறான், விலை இருக்கிறது, காதல் என்று நம்பி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அதற்கு 5 வருஷம் வரை சிறையும் 2,50,000 டாலர் வரை அபராதமும் உண்டு. ஆனால் மோசடியை ஒழிக்க 1986இல் வந்த சட்டம் யார் தலையில் விழுந்தது? கல்யாணமாகி 2 வருஷம் ஆகாதவர்களுக்கு நிபந்தனை அட்டை. 2 வருஷ முடிவில் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு நிபந்தனையை நீக்கிக்கொள்ள வேண்டும், விலக்குகள் குறுகியவை. இத்தகைய கல்யாணங்களில் 30 சதவீதம் மோசடி என்று இலாகா காங்கிரஸிடம் சொன்ன கணக்குக்குப் புள்ளியியல் மதிப்பில்லை என்று 1990இல் ஒரு சமஷ்டி நீதிமன்றமே சொல்லிற்று. கணக்கு போயிற்று, சட்டம் இருக்கிறது. அடிக்கிற கணவனின் கையெழுத்துக்காகப் பெண் காத்திருந்தாள். அடி வாங்கிக்கொண்டு இருந்தால் அது மெய்யான கல்யாணம். வாசல் தாண்டினால் சந்தேகத்துக்குரியது. அடிபட்டவளுக்கு விலக்கு 1990இல் வந்தது, தானே மனுப் போடும் உரிமை 1994இல்.

நாம் கை தட்டிக்கொண்டிருக்கும் அந்த 'மெய்' இதுதான்.

காகிதத்துக்காக மணந்த இருவர், 2 வருஷம் வாடகை ரசீதையும் கூட்டுக் கணக்கின் தாள்களையும் சேர்த்துவைத்துக்கொண்டே, பெயர் வைக்க முடியாத ஓர் உறவுக்குள் போய்ச் சேருவதை நம்மில் யார் எழுதியிருக்கிறோம்? ஜாதகம் பத்துக்குப் பத்தும் பொருந்தி, எச்-4 விஸாவில் போய், புறப்பட்டு வர விஸா இல்லாததால் மட்டுமே குடித்தனம் நடத்துகிறவளை எழுதினோமா? அவள் கல்யாணத்தை எந்த அதிகாரியும் சந்தேகிக்கப் போவதில்லை. சந்தேகிக்க வேண்டியவர்கள் நாம். அதை விட்டுவிட்டு, இலாகா ஏற்கனவே சந்தேகித்து முடித்தவனை மறுபடி கூண்டிலேற்றித் தீர்ப்பு வாசித்துக்கொண்டிருக்கிறோம். அதிகாரிக்கு ஃபைலை மூட வேண்டிய அவசரம் இருக்கிறது. நமக்கு என்ன அவசரம்?